பட்டணத்து இரவும் தோட்டத்து இரவும்



இன்று நாம் பேசப்போகும் பொருள் விளக்கு. விளக்கைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு சுவிட்சு நம்முடைய வீட்டுச் சுவருக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. இந்த நாட்டில் முதல் மின்விளக்கை ஏற்றிய இருவரில் ஒருவர் தமிழர். அப்படியிருந்தும் தமிழ்த் தொழிலாளியின் லயத்துக்கு அந்த வெளிச்சம் கடைசியாகத்தான் வந்தது. இது எப்படி நேர்ந்தது? மின்விளக்கு பட்டணத்து மக்களின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றியது? தோட்டத்து மக்களுக்கு அது என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது? இவற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

லிங்கி வட்டாரத்தில் இருப்பவர்கள் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். அங்கே தஞ்சோங் துவான் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. போர்த்துக்கீசியர் காலத்திலேயே அந்த முனையில் கப்பல்களுக்கு விளக்குக் காட்டியிருக்கிறார்கள். இப்போது இருக்கும் கோபுரம் 1863ஆம் ஆண்டில் எழுந்தது. மலாக்கா நீரிணையில் போகும் கப்பலுக்கு நெடுந்தொலைவிலேயே அதன் ஒளி தெரியும். ஆனால் அந்த ஒளி கடலுக்கு ஏற்றியது, கரைக்கு அன்று. கரையில் வாழ்ந்தவனுக்கு அந்தக் காலத்தில் அந்தி சாய்ந்தால் இருட்டுத்தான். பொருள் போகும் வழிக்கு முதலில் வெளிச்சம், ஆள் வாழும் வீட்டுக்குப் பிறகுதான் வெளிச்சம் என்ற வழக்கத்தை இந்தக் கதையில் நாம் மறுபடியும் மறுபடியும் காணப்போகிறோம்.

மின்சாரம் வருவதற்கு முன் பட்டணத்து இரவு எப்படி இருந்தது? இன்றைக்கு நாம் அதைக் கற்பனை செய்வதே கடினம். பொழுது சாய்ந்ததும் கடைக்காரர்கள் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கடையை மூடிவிடுவார்கள். தெருவில் நடக்கவேண்டியவர் கையில் லாந்தர் கொண்டு போவார். தெருமுனைகளில் எண்ணெய் விளக்குகள் சில இருந்தாலும், அவை இருட்டைக் காட்டினவே தவிர வழியைக் காட்டவில்லை. பல ஊர்களில் நிலாக் காலத்தில் தெருவிளக்கை ஏற்றவே மாட்டார்கள், எண்ணெய் மிச்சம்! வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் அது ஊராரின் தலைவிதி.

இருட்டைவிடப் பெரிய அச்சம் தீ. பழைய கோலாலம்பூரின் வீடுகள் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. நெருக்கமான கூரைகளுக்குக் கீழே திறந்த சுடர்கள் எரிந்துகொண்டிருந்தன. 1881ஆம் ஆண்டு ஜனவரியில் மூண்ட தீ அந்த ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சுடரில்லாத விளக்கு என்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை அத்தாப்பு வீட்டில் குடியிருந்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் நடுவில் இன்னொரு விளக்கு வந்து போனது. அதுதான் நிலக்கரியிலிருந்து எடுக்கும் வாயுவை எரிக்கும் விளக்கு. 1807இல் லண்டனில் ஒரு தெருவுக்கு அது முதன்முதல் வந்தது. சிங்கப்பூர்த் தெருக்களில் 1864ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அதை ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் விளக்கேற்றுவதே ஒரு தொழில். மாலையில் ஓர் ஆள் ஒவ்வொரு கம்பமாகப் போய் ஏற்றுவான். விடியலில் ஒவ்வொரு கம்பமாகப் போய் அணைப்பான். மின்சாரம் வந்தபோது இந்த ஆளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எங்கோ ஓர் அறையில் ஒருவர் ஒரு பிடியை அழுத்தினால் ஊர் முழுதும் ஒரே நொடியில் ஒளிபெற்றது. அதே பிடியை மறுபக்கம் தள்ளினால் ஊர் முழுதும் இருண்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

மின்விளக்கின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் வந்தது இரண்டு கரிக்கோல்களுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிவிடும் வில் விளக்கு. 1878இல் பாரிஸ் நகரத்து வீதிகளில் அது எரிந்தது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். தெருவுக்குத் தகும், வீட்டுக்குத் தகாது. மறு ஆண்டு, அதாவது 1879இல், அமெரிக்காவில் எடிசன் காற்றை நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரியிழையை ஒளிரச் செய்தார். இங்கிலாந்தில் ஸ்வான் என்பவரும் அதே காலத்தில் அத்தகைய விளக்கைச் செய்தார். 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் ஏறக்குறைய 400 விளக்குகளுடன் வேலையைத் தொடங்கியது. கம்பி வழியாக வெளிச்சத்தை விலைக்கு விற்கலாம் என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

அந்த வெளிச்சம் மலாயாவுக்கு வந்து சேர்ந்த கதைதான் நமக்கு முக்கியமானது. நியூயார்க் மின்நிலையம் தொடங்கிப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1894இல் சிலாங்கூரில் உள்ள ரவாங் என்ற ஈயச் சுரங்க ஊரில் இந்நாட்டின் முதல் மின்னாக்கி இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் சீனச் செல்வர் லோக் யூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை.

தம்புசாமிப் பிள்ளையின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தை 1873இல் தோற்றுவித்தவர். பத்துமலைக் குகையில் முருகனுக்குக் கோயில் அமையக் காரணமானவரும் அவரே. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அவரை இந்நாட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்தவராக நினைப்பவர் மிகச் சிலரே. 1902இல் அவர் காலமானபோது மலாயாவின் பெரிய ஊர்களிலும் மின்விளக்கு என்பது அரிய காட்சியாகவே இருந்தது.

அவர்கள் எதற்காக மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள்? ஊருக்கு விளக்கேற்ற அன்று. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க. ஈயம் எடுக்கும் பள்ளம் ஆழம் ஆக ஆக ஊற்றுநீர் நிரம்பிக்கொண்டே வரும். தண்ணீரை இறைத்தால்தான் மண்ணை வெட்டமுடியும். மனிதன் மிதித்து இறைக்கும் இறைவையால் ஓரளவுக்குமேல் முடியாது. நீராவி இயந்திரமோ விறகை விழுங்கிக்கொண்டே இருக்கும்; காட்டை வெட்டி வெட்டி அதன் வாயில் போடவேண்டும். மின்சாரத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஓரிடத்தில் உண்டாக்கி, கம்பி வழியாகக் கொண்டுபோய், பள்ளத்தின் அருகிலேயே பம்பை ஓட்டலாம். அப்படி இறைக்க வந்த மின்சாரம் பக்கத்தில் ரவாங் தெருக்களிலும் விளக்காக எரிந்தது. மலாயாவில் மின்விளக்குப் பெற்ற முதல் ஊர் என்ற பெயரை ரவாங் பெற்றது.

இதிலே நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. அதோடு ஒரு பாடமும் இருக்கிறது. மின்சாரம் இந்நாட்டில் காலடி வைத்தது வீட்டு விளக்காக அன்று. தொழிலுக்கு உதவும் கருவியாக. இலாபம் இருந்த இடத்துக்கு அது ஓடியது. அதன் அருகில் வாழ்ந்தவர்கள் அதன் ஒளியில் கொஞ்சம் பங்கு பெற்றார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளைப் பாருங்கள். 1895இல் கோலாலம்பூரில் இரயில் நிலையங்களுக்கு மின்விளக்கு வந்தது. 1900இல் பகாங்கின் ரவூப் தங்கச் சுரங்கத்துக்காக செம்பாம் என்ற இடத்தில் நீர்மின் நிலையம் எழுந்தது. 1904இல் பினாங்கு நகராட்சி பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1905இல் மலையாற்று நீரின் விசையால் கோலாலம்பூர் நகருக்கு மின்சாரம் கிடைத்தது. 1906இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் முதலிய வீதிகள் மின்னொளி பெற்றன. சுரங்கம், இரயில், துறைமுகம், கடைவீதி என்ற வரிசையில் வெளிச்சம் நடந்து போனதைக் கவனித்தீர்களா? சரக்கு போன பாதையில்தான் அதுவும் போயிற்று.

நம்முடைய முன்னோர்கள் கப்பலேறிய தமிழகத்திலும் நிலைமை அதுவே. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது; இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. ஆனால் அந்த டிராமைச் சேலத்துக் குடியானவனோ தஞ்சைப் பண்ணையாளோ பார்த்தது எப்போது? ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சென்னைக்குக் கப்பலேற வந்த அன்றுதான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்தவர்கள் பலர் தம் வாழ்நாளில் முதல் மின்விளக்கைத் துறைமுகத்திலோ கப்பலிலோ பார்த்திருக்கக்கூடும். பினாங்குத் துறைமுகத்தின் விளக்கு வரிசையைக் கண்டு வியந்திருப்பார்கள். பிறகு லாரியில் ஏறி, ரப்பர்க் காட்டுக்குள் வந்து, லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியிருப்பார்கள்.

சரி, மின்விளக்கு பட்டணத்தில் என்னென்ன செய்தது? முதலாவதாக, அது மாலைப்பொழுது என்ற ஒன்றைப் புதிதாக உண்டாக்கியது. அதுவரை பொழுது சாய்ந்தால் நாள் முடிந்தது. இப்போது பொழுது சாய்ந்த பிறகு நான்கைந்து மணி நேரம் மனிதனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. கடைக்காரர் பலகையைச் செருகுவதற்குப் பதிலாகக் கண்ணாடி அலமாரிக்குள் விளக்கைப் போட்டுச் சேலையையும் கைக்கடிகாரத்தையும் காட்டினார். வாங்கப் பணமில்லாதவரும் நின்று பார்த்தார். பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காயிற்று. சிங்கப்பூரில் 1923இல் 'நியூ வேர்ல்டு' என்ற கேளிக்கைப் பூங்காவும், 1931இல் 'கிரேட் வேர்ல்டு' பூங்காவும் எழுந்தன. கோலாலம்பூரிலும் புக்கிட் பிந்தாங் பூங்கா ஒரு காலத்தில் அப்படிப் புகழ்பெற்றிருந்தது. நாடகம், பங்சாவான், ராட்டினம், குத்துச்சண்டை, படக்காட்சி எல்லாம் ஒரே வளாகத்தில்! மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே விளக்கின் கீழ்த் தோளோடு தோள் உரசி நடந்த இடங்கள் அவை.

இரண்டாவதாக, அது அச்சத்தைக் குறைத்தது. வெளிச்சமான தெருவில் பெண்கள் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய் வரமுடிந்தது. நோயாளியை இரவிலே மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. பகலெல்லாம் உழைத்தவர் மாலையில் இரவுப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்ட முடிந்தது.

மூன்றாவதாக, அது இரவையும் வேலைநேரமாக்கியது. இதை நாம் மறந்துவிடக் கூடாது. வெளிச்சம் இல்லாத காலத்தில் இருட்டே தொழிலாளிக்கு ஓய்வு கொடுத்தது. முதலாளி எவ்வளவு விரும்பினாலும் சூரியனை நிறுத்திவைக்க முடியாதல்லவா? மின்விளக்கு வந்ததும் அந்தத் தடை நீங்கியது. தொழிற்சாலையில் இரவு முறை வந்தது. துறைமுகத்தில் இரவிலும் மூட்டை இறங்கியது. காலையில் தோட்டத்துக்கு வந்து சேரும் செய்தித்தாள் இரவெல்லாம் பட்டணத்து மின்விளக்கின் கீழ் அச்சேறியது. 1924இல் தோன்றி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகளைக் கண்விழித்து அச்சுக்கோத்தவர்களும் தொழிலாளர்களே. ஆகவே மின்விளக்கு மனிதனுக்கு மாலையைக் கொடுத்தது. சிலரிடமிருந்து இரவைப் பறித்தும் கொண்டது.

இந்த வெளிச்சத்துக்குப் பின்னால் உழைத்த கைகள் யாருடையவை? நகராட்சி, பொதுப்பணி, இரயில்வே ஆகிய மூன்றிலும் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். சாலை போட்டதும், குழி வெட்டியதும், தண்டவாளம் பதித்ததும் அவர்கள்தாம். பங்சாரில் இருந்த மின்நிலையத்துக்குப் பத்து ஆராங்கிலிருந்து நிலக்கரி வந்தது. அந்தக் கரியை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனர், தமிழரும் இருந்தனர். பட்டணத்து விளக்குகள் அவர்கள் வியர்வையிலும் எரிந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

நேயர்களே, இனி நாம் தோட்டத்து இரவுக்கு வருவோம். பட்டணத்தில் மின்விளக்கு நாளின் பின்பக்கத்தை நீட்டியது என்று பார்த்தோம். தோட்டத்திலோ விளக்கு நாளின் முன்பக்கத்தை நீட்டியது. காரணம் ரப்பர் மரத்தின் இயல்பு. இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிட, அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே விடியுமுன்பே பெரட்டு. கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டு, தலையிலோ கையிலோ விளக்கோடு நிரைக்குப் போகவேண்டும். பட்டணத்துக்காரன் படம் பார்த்துவிட்டு வந்து படுக்கும் நேரத்துக்குச் சில மணி கழித்துத் தோட்டத்துத் தாய் அடுப்பு மூட்ட எழுந்துவிடுவாள். இருவருமே செயற்கை வெளிச்சத்தில்தான் விழித்திருந்தார்கள். ஒருவர் தம் விருப்பத்துக்காக விழித்திருந்தார்; மற்றவர் மரத்துக்காக விழித்திருந்தார்.

மின்விளக்கு தோட்டத்துக்கு வராமலே இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பல தோட்டங்களில் ரப்பர் ஆலையில் டீசல் இஞ்சின் இருந்தது. பால் உறையவைத்துத் தகடாக்கும் உருளைகளை ஓட்டுவதற்கு வந்த இஞ்சின் அது. மாலையில் அதைக்கொண்டு விளக்கும் எரிந்தது. முதலில் பெரியதுரை பங்களா, அடுத்துக் கிராணிமார் வீடுகள், ஆஸ்பத்திரி. பல காலம் கழித்து லயங்கள். ரவாங்கில் நடந்தது இங்கும் நடந்ததைப் பாருங்கள். தொழிலுக்கு வந்த இயந்திரத்தின் மிச்சம்தான் வீட்டுக்கு வெளிச்சம்.

நான் வளர்ந்த தோட்டத்தில் மாலை ஆறரை மணிக்கு விளக்கு வரும். பத்து மணிக்குப் போய்விடும். பத்தடிக்கச் சில நிமிடங்களுக்கு முன் இஞ்சின்காரர் விளக்கை ஒருமுறை மினுக்கிக் காட்டுவார். அதுதான் எங்களுக்குக் கடிகாரம். உடனே வீடு முழுதும் பரபரப்பாகிவிடும். பாட்டி பாயை விரிப்பார். அம்மா மறுநாள் பாத்திரங்களை எடுத்து வைப்பார். நான் கணக்கின் கடைசி வரியை விழுந்தடித்து எழுதுவேன். தேர்வுக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. காலையில் எழுந்தால் மூக்குத் துவாரமெல்லாம் கரி. பட்டணத்துப் பையனுக்கும் எனக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு. ஆனால் அவனுடைய சுவிட்சு அவன் வீட்டுச் சுவரில் இருந்தது. என்னுடைய சுவிட்சு ஆலையில் இருந்தது.

ஆம், நேயர்களே! நகரத்தில் ஒருவர் பிடியை அழுத்தினால் ஊரெல்லாம் எரியும், தள்ளினால் ஊரெல்லாம் அணையும் என்று முன்பு சொன்னேனல்லவா? வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது. அது எத்தனை மணி வரை இருக்கிறது, அதை அணைக்கும் கை யாருடையது என்றும் கேட்கவேண்டும். விளக்கு என்பது வெளிச்சம் மட்டும் அன்று, அது நேரம். ஒரு மனிதனுடைய மாலைப்பொழுது அவனுக்குச் சொந்தமா இல்லையா என்பதை அது தீர்மானித்துவிடுகிறது.

போர்க்காலம் இதை எல்லாருக்கும் உணர்த்தியது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரின்மேல் குண்டு வீசின. அந்த நேரத்தில் நகரத்துத் தெருவிளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் மாண்டார்கள். எந்த வெளிச்சம் பட்டணத்துக்குப் பெருமையாக இருந்ததோ, அதுவே அன்று எதிரிக்கு அடையாளம் ஆயிற்று. அதன்பின் விளக்குகளை மறைத்தார்கள், அணைத்தார்கள். ஜப்பானியர் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல், தேங்காய் எண்ணெயில் திரி போட்டு எரித்த கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

1948இல் அவசரகாலம் தொடங்கியது. காட்டோரத்து மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். தோட்டங்களிலும் சிதறிக்கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். பல புதுக்கிராமங்களில் வேலியைச் சுற்றி மின்விளக்குகள் எரிந்தன. வேலிக்கு வெளிச்சம் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. பட்டணத்தில் மக்களை வெளியே அழைத்த அதே விளக்கு, இங்கே மக்களை உள்ளே வைத்துக் காவல் காத்தது. ஊரடங்கு நேரத்தில் அந்த வெளிச்சத்தின் கீழே நடமாடுவதுதான் ஆபத்து.

அந்த நாள்களிலும் இன்பம் இல்லாமற் போகவில்லை. தகவல் இலாகாவின் நடமாடும் படவண்டி தோட்டத்துக்கு வரும். வண்டியிலேயே இஞ்சின், திடலில் வெள்ளைத் திரை. பாயும் பலகையும் எடுத்துக்கொண்டு முன்னிடம் பிடிக்கப் பிள்ளைகள் மாலையிலேயே ஓடுவார்கள். பட்டணத்து இரவு சக்கரம் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். தோட்டத்து இளைஞர்கள் தாங்களே காசு சேர்த்துக் கேஸ் விளக்கு வாங்கி இரவுப் பள்ளி நடத்தியதும் உண்டு. அந்த விளக்கின் பிடி அவர்கள் கையிலேயே இருந்தது. அதனால்தான் அந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது பழைய ஆட்கள் இன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்கள்.

நாடு முழுவதற்குமான மின்சார ஏற்பாடு 1949 செப்டம்பர் முதல் நாள் தோன்றிய மத்திய மின்சார வாரியத்தோடு தொடங்கியது. 1965இல் அதற்குத் தேசிய மின்சார வாரியம் என்ற பெயர் வந்தது. 1990 செப்டம்பரில் அது தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. இடையில் பெரிய அணைகளும் நிலையங்களும் எழுந்தன. 1963இல் கேமரன் மலை நீர்மின் திட்டம் நிறைவேறியது. தேயிலைத் தோட்டங்களுக்கு அருகிலேயே அதன் நீர்த்தேக்கம் இருக்கிறது. போர்ட்டிக்சன் கடற்கரையிலும் துவாங்கு ஜாஃபார் மின்நிலையம் எழுந்தது. மின்கோபுரங்கள் காட்டையும் தோட்டத்தையும் கடந்து பட்டணங்களை நோக்கி நடந்தன.

இங்கேதான் பெரிய முரண்பாடு. தலைக்கு மேலே பெருங்கம்பிகள் ஓடின. கீழே லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்க அரசாங்கம் திட்டம் வகுத்தபோது தோட்டங்கள் பெரும்பாலும் அதில் அடங்கவில்லை. ஏனெனில் தோட்டம் தனியார் நிலம். அங்கே வசதி செய்து தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று வைத்துவிட்டார்கள். நிர்வாகமோ இஞ்சின் இருக்கிறதே என்றது. கிராமவாசியும் அல்லாமல், பட்டணவாசியும் அல்லாமல், தோட்டத்து மனிதன் நடுவிலே நின்றான். தொழிற்சங்கங்கள் பல்லாண்டு கேட்டன. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் 1966இல் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் வந்த சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்நீரும் போதிய மின்சாரமும் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று எழுத்தில் வைத்தது. தம்புசாமிப் பிள்ளை ரவாங்கில் விளக்கேற்றிய ஆண்டையும் இந்த ஆண்டையும் கழித்துப் பாருங்கள். 96 ஆண்டுகள்!

1996 ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. பல மணி நேரம் கோலாலம்பூர் இருளில் கிடந்தது. மின்தூக்கி நின்றது, சாலை விளக்கு நின்றது, பட்டணத்துக்காரர்கள் மெழுகுவத்திக்கு அலைந்தார்கள். தோட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பாட்டி எழுந்து, தடவிக்கூடப் பார்க்காமல், அடுப்பங்கரை மாடத்திலிருந்து விளக்கையும் தீப்பெட்டியையும் எடுத்திருப்பார். இருட்டோடு பழகியவருக்கு இருட்டில் வழி தெரியும். ஒரே பிடியில் எல்லாரும் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பட்டணம் அன்று ஒருநாள் கற்றுக்கொண்டது. தோட்டம் அதை ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குக் கற்றிருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பல லயங்கள் இடிந்துவிட்டன. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் வீடுகளிலும், வீடமைப்புப் பகுதிகளிலும் சுவிட்சு நம் சுவரிலேயே இருக்கிறது. பத்து மணிக்கு யாரும் மினுக்கிக் காட்டுவதில்லை. எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பது இப்போது நம் முடிவு. நூறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற அந்த நான்கு மணி நேர மாலையை நாம் என்ன செய்கிறோம்? தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முழுவதையும் கொடுத்துவிட்டால், பிடி மறுபடியும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது என்றுதானே பொருள்?

உங்கள் வீட்டில் பழைய மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று எங்காவது மூலையில் கிடந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிம்னியைத் துடைத்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் அது என்ன என்று கேட்பார்கள். அப்போது ரவாங்கில் விளக்கேற்றிய தமிழரையும், வேலிக்கு எரிந்த விளக்கையும், பத்து மணிக்கு அணைந்த விளக்கையும் சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பிள்ளையையே எழுப்பிச் சுவிட்சைப் போடச் சொல்லி, பாடப்புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுங்கள்.